பட்டுப் புடவை போட்டோவுக்கு 4 எம்பி எதற்கு?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே புடவை விற்பவர். ஆறு வருடங்களாக வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டாகிராம் என்று ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்துக்குப் போன வருடம்தான் சொந்தமாக ஒரு வெப்சைட் போட்டிருக்கிறார். அவர் கடிதத்தின் சாரம் இது:

"வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 'அக்கா, உங்க வெப்சைட் சுத்திக்கிட்டே இருக்கு. வாட்ஸ்அப்லயே போட்டோ அனுப்பிடுங்க' என்கிறார்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் கேட்டால், 'சர்வர் தாங்கலை மேடம். பெரிய பிளானுக்கு மாத்திடலாம், வருஷத்துக்கு 15,000 ரூபாய் கூட ஆகும்' என்கிறார். எங்களுக்கு அது பத்து, பதினைந்து புடவை விற்ற லாபம். கட்டலாமா, வேண்டாமா?"

இப்போதைக்குக் கட்டாதீர்கள் சகோதரி. உங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மொபைலில் திறந்ததும் கடையின் பெயர், மெனு, "புது வரவுகள்" என்ற எழுத்து எல்லாம் இரண்டே விநாடியில் வந்துவிட்டன. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புடவை மேலிருந்து கீழாக, திரைச்சீலையை இறக்குவது போல மெல்ல மெல்ல இறங்குகிறது. இந்த அடையாளத்தை எல்லோருமே நினைவில் வைத்துக்கொள்ளலாம். எழுத்துகூட வராமல் வெள்ளைத் திரையாகவே வெகுநேரம் நின்றால் சர்வரைச் சந்தேகிக்கலாம். எழுத்து உடனே வந்து, படங்கள் மட்டும் இழுத்துக்கொண்டு நின்றால், சந்தேகப்பட வேண்டியது படங்களைத்தான்.

படங்களைச் சோதித்தேன். முதல் பக்கத்தில் 24 புடவைகள். ஒவ்வொரு போட்டோவும் ஏறக்குறைய 4 எம்பி. மொபைல் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். 24 போட்டோவுக்கு மொத்தம் 96 எம்பி!

இது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். சாயங்காலம் எல்லோரும் நெட்டைத் திறந்து உட்காரும் நேரத்தில், ஒரு சிற்றூரில் மொபைல் நெட் 10 எம்பிபிஎஸ் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எம்பி வேறு, போட்டோவின் எம்பி வேறு. நெட் வேகத்தை எட்டால் வகுத்தால்தான் ஒரு விநாடிக்கு எத்தனை எம்பி இறங்கும் என்பது தெரியும். பத்தை எட்டால் வகுத்தால் 1.25. ஆக, 96 எம்பி முழுவதும் இறங்க 77 விநாடிகள். ஒரு நிமிடத்துக்கும் மேல்! அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொபைலைப் பார்க்கிறவர் அத்தனை நேரம் காத்திருப்பாரா? போதாக்குறைக்கு, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான் போட்டிருப்பவரின் டேட்டாவில் பதினைந்தில் ஒரு பங்கை உங்கள் முதல் பக்கமே தின்றுவிடும். புடவை வாங்குவதற்கு முன்பே வாடிக்கையாளர் செலவு செய்யத் தொடங்கிவிடுகிறார்.

சரி, அதே புடவை, அதே போட்டோ, வாட்ஸ்அப்பில் மட்டும் எப்படிச் சட்டென்று போய்ச் சேருகிறது? இந்தக் கேள்விக்குள்தான் விடை இருக்கிறது. நீங்கள் அனுப்பும் 4 எம்பி போட்டோவை வாட்ஸ்அப் அப்படியே அனுப்புவதில்லை. சாதாரணமாக அனுப்பும்போது நீளமான பக்கம் சுமார் 1,600 பிக்சல் வரும்படி சுருக்கி, சில நூறு கேபி அளவுக்குக் குறைத்துவிட்டுத்தான் அனுப்புகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் ஆறு வருடங்களாகப் பார்த்து, பிடித்து, பணம் போட்டு வாங்கியதெல்லாம் இப்படிச் சுருக்கிய படங்களைப் பார்த்துத்தான். ஒருவர்கூடப் 'படம் தெளிவா இல்லையே அக்கா' என்று சொல்லியிருக்க மாட்டார்.

வாட்ஸ்அப் நமக்காகச் செய்துவந்த அந்த வேலையை வெப்சைட்டில் நாமே செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால், அதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பலரும் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு, 'கம்ப்ரஸ் பண்ணியும் குறையவில்லையே' என்று திகைக்கிறார்கள்.

முதலில் அளவு

போட்டோ என்பது புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிதான் பிக்சல். 12 மெகாபிக்சல் கேமராவில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3,000 பிக்சல் அகலம், 4,000 பிக்சல் உயரம். பெருக்கினால் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள்.

அதைப் பார்க்கிறவரின் மொபைல் திரை எவ்வளவு அகலம்? பெரும்பாலான நடுத்தர விலை மொபைல்களில் 1,080 பிக்சல். உங்கள் வெப்சைட்டில் ஒரு வரிசைக்கு இரண்டு புடவைகள். ஆக, ஒரு புடவைக்குக் கிடைப்பது 540 பிக்சல் அகலம். அதற்கேற்ற உயரம் 720. பெருக்கிப் பாருங்கள், நான்கு லட்சத்துக்கும் குறைவு! ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளை அனுப்பி, அவற்றை நான்கு லட்சம் புள்ளிகளுக்குள் திணித்துக் காட்டுகிறது மொபைல். முப்பதில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு முழம் மல்லி கேட்டவருக்கு முப்பது முழத்தை அனுப்பி, 'மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடுங்க' என்று சொல்வது போல.

எனவே முதல் வேலை, அகலத்தைக் குறைப்பது. வரிசையாகக் காட்டும் பக்கத்துக்கு 600 பிக்சல் அகலம் போதும். புடவையைத் தொட்டதும் திறக்கும் தனிப் பக்கத்துக்கு 1,200. விரலால் விரித்துப் பார்க்க வசதி வேண்டுமென்றால் 2,000 பிக்சலில் இன்னொன்று. அது, கேட்கிறவருக்கு மட்டும், தொட்டால் மட்டும் வர வேண்டும். கம்ப்ரஸ் செய்வதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, இந்த ஒரு வேலையிலேயே முக்கால்வாசிக்கும் மேல் எடை இறங்கிவிடும்.

பிறகு கம்ப்ரஸ்

இரண்டாவது வேலைதான் கம்ப்ரஸ் செய்வது. ஜேபிஜி படம் எப்படிச் சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது எளிது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி வைத்த சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். அந்த 64 புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்வதற்குப் பதில், 'இந்தக் கட்டம் மொத்தத்தில் இவ்வளவு வெளிச்சம், இடமிருந்து வலமாக இவ்வளவு மாறுகிறது, அதற்குள் இவ்வளவு நுணுக்கமான கோடுகள்' என்று பெரியதில் தொடங்கிச் சிறியது வரை வகைப்படுத்திச் சொல்கிறது ஒரு கணித முறை. அதன் பிறகு, மளிகைக் கடைக்காரர் பில்லில் சில்லறையைத் தள்ளுவது போல, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய எண்களைத் தள்ளிவிடுகிறது. பூஜ்யமாகிப்போன எண்களைச் சேமிக்க இடமே தேவையில்லை. 'குவாலிட்டி 80', 'குவாலிட்டி 60' என்று செயலிகளில் பார்க்கிறீர்களே, எவ்வளவு சில்லறையைத் தள்ளலாம் என்று சொல்லும் எண்தான் அது. 80 என்றால் கால் ரூபாயைத் தள்ளுகிறது. 30 என்றால் பத்து ரூபாயையே தள்ளிவிடுகிறது. அப்போதுதான் படத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும்.

இந்தக் கணித முறைக்குப் பின்னால் பெங்களூருவில் பிறந்த ஒருவர் இருக்கிறார். நசீர் அகமது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972-ல் இந்த யோசனையை ஆராய நிதி கேட்டு அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். 'ரொம்ப எளிமையான யோசனையாக இருக்கிறதே' என்ற ரீதியில் நிராகரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. நிதி இல்லாமலேயே தன் ஆராய்ச்சி மாணவர் டி.நடராஜன், இன்னொரு பேராசிரியரான கே.ஆர்.ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். 1974 ஜனவரியில் மூன்று பேர் பெயரிலும் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வந்தது. 1992-ல் ஜேபிஜி தரநிலையாக வெளியானபோது அதன் அடிப்படையாக இருந்தது அந்தக் கட்டுரையில் சொன்ன முறைதான். இன்றைக்கு நம் வீட்டு விசேஷ போட்டோ முதல் காலை வணக்கப் படம் வரை எல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது. நிராகரித்தவர்களும் அதில்தான் பேரப்பிள்ளைகளின் படம் பார்த்திருப்பார்கள்!

எதில் செய்வது?

பணம் கட்டி எதுவும் வாங்க வேண்டாம். பிரவுசரில் 'ஸ்கூஷ்' என்ற இலவச வசதி இருக்கிறது. கூகுள் குரோம் குழுவினர் 2018-ல் வெளியிட்டது. போட்டோவைக் கொடுத்ததும் நடுவில் ஒரு கோடு வரும். இடது பக்கம் அசல், வலது பக்கம் சுருக்கியது. கோட்டை நகர்த்தி நகர்த்தி வித்தியாசம் பார்க்கலாம். கீழே எத்தனை கேபி என்று உடனுக்குடன் தெரியும். 'ரீசைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து அகலத்துக்கு 600 அல்லது 1,200 கொடுங்கள். குவாலிட்டியை 75-ல் வைத்துத் தொடங்குங்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், உங்கள் போட்டோ எந்த சர்வருக்கும் போவதில்லை. எல்லாம் உங்கள் கருவியிலேயே நடக்கிறது. ஒரே குறை, ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். நிறைய படங்கள் என்றால் 'டைனி பிஎன்ஜி' போன்ற தளங்களில் மொத்தமாகக் கொடுத்து வாங்கலாம். அங்கே படங்கள் அவர்கள் சர்வருக்குப் போய்த் திரும்பி வரும். புடவைப் படத்தில் அதனால் ஒன்றுமில்லை; ஆதார் அட்டை போன்றவற்றை அப்படிக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால், அவர்களிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம். 'போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள்' என்று கேட்கும் விண்ணப்பங்களோடு நடுராத்திரியில் மல்லுக்கட்டிய அனுபவம் அவர்களுக்கு இருக்கும்!

சேமிக்கும்போது என்ன வடிவம்? ஜேபிஜி எங்கும் திறக்கும். 'வெப்பி' என்பது கூகுள் 2010-ல் கொண்டுவந்தது. அதே தெளிவில் ஜேபிஜியை விடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சிறியதாக இருக்கும் என்பது கூகுளின் கணக்கு. இப்போதைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் திறக்கும் என்பதால் தாராளமாகப் பயன்படுத்தலாம். போட்டோவை பிஎன்ஜியாக மட்டும் சேமிக்காதீர்கள். லோகோ, எழுத்து போன்றவற்றுக்கு அது நல்லது. ஒரு புள்ளியைக்கூட விடாமல் சேமிக்கும். அதனாலேயே போட்டோ என்று வந்தால் பல மடங்கு வீங்கிவிடும். கேன்வாவில் 'ஆடித் தள்ளுபடி' என்று போஸ்டர் செய்து பதிவிறக்குகிறவர்கள், எந்த வடிவம் தேர்வாகியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: 2017-க்குப் பிறகு ஐபோன் போட்டோவை 'ஹெய்க்' என்ற வடிவத்தில் சேமிக்கிறது. பல பிரவுசர்களில் அது திறக்காது. கேமரா செட்டிங்கில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் ஜேபிஜியாகவே எடுக்கும்.

ஜரிகையைப் பாருங்கள்

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். வேகம் வேண்டும் என்பதற்காக எல்லாப் படத்தையும் 30 கேபிக்கு அமுக்கிவிடாதீர்கள். பருப்புப் பொடி விற்கிறவர் அப்படிச் செய்தால் பெரிய நஷ்டம் இல்லை. பட்டு விற்கிறவர் செய்யக் கூடாது.

நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. இதைப் பயன்படுத்திக்கொண்டு ஜேபிஜி பெரும்பாலும் வெளிச்சத்தை முழுதாகவும், நிறத்தைப் பாதி அகலம், பாதி உயரத்திலும் சேமிக்கிறது. முகத்திலோ மரத்திலோ அது தெரியாது. அரக்குச் சிவப்பில் மெல்லிய தங்க ஜரிகைக் கோடு ஓடும் இடத்தில் தெரியும். சிவப்பு ஜரிகைக்குள் கசிந்து, கோடு மங்கி, பட்டு ஏதோ பாலியெஸ்டர் மாதிரி ஆகிவிடும். 'போட்டோவில் பார்த்தப்ப ஜரிகை இப்படி இல்லையே' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வாங்காமலே போய்விடுவார்கள். அதனால் சுருக்கிய பிறகு புடவை முழுவதையும் பார்க்காதீர்கள். பார்டரும் உடலும் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கலங்கியிருந்தால் குவாலிட்டியை 85-க்கு ஏற்றுங்கள்.

உடல் முழுக்க புட்டா போட்ட புடவையும், வெறும் ஒற்றை நிறச் சாஃப்ட் சில்க்கும் ஒரே கேபிக்கு வராது. வேலைப்பாடு கூடக் கூட எடையும் கூடும். ஒன்று 50 கேபியில் நிற்கும், இன்னொன்று 110 கேட்கும். கொடுத்துவிடுங்கள். சுருக்கிய படத்தை வேறொரு மொபைலிலும் திறந்து, கையில் புடவையை வைத்துக்கொண்டு நிறத்தை ஒப்பிடுங்கள். சில மொபைல்கள் படத்தோடு சேர்த்து ஒரு நிறக் குறிப்பையும் சேமிக்கின்றன. சுருக்கும்போது அது விடுபட்டால் நிறம் லேசாக வெளிறும். வீட்டிலிருந்து விற்கிறவர்களுக்கு நிறம் மாறிப் போன புடவை திரும்பி வருவது, போக வர கூரியர் செலவோடு சேர்த்துப் பெரிய அடி.

இன்னொன்று, அசல் போட்டோவை அழித்துவிடாதீர்கள். தனி ஃபோல்டரில் வையுங்கள். சுருக்கிய ஜேபிஜியை எடுத்து மறுபடி சுருக்கினால், தள்ளிய சில்லறைக்கு மேலே இன்னொரு முறை தள்ளுகிறது. எப்போதும் அசலிலிருந்தே புதிதாகச் சுருக்க வேண்டும்.

போட்டோவுக்குள் வீட்டு விலாசம்

சகோதரி கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கேமராவில் லொகேஷன் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் போட்டோ ஃபைலுக்குள்ளேயே பதிவாகும். படத்தில் தெரியாது. ஆனால், அசல் ஃபைலை அப்படியே வெப்சைட்டில் ஏற்றியிருந்தால், அதைப் பதிவிறக்கும் யாரும் அந்த எண்களை எடுத்து மேப்பில் போட்டு வீட்டு வாசல் வரை வந்துவிடலாம். ஹாலில் புடவையை விரித்துப் படம் எடுக்கும் பெண்கள், முகவரி கொடுக்காமல் மொபைல் எண் மட்டும் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கூஷ் போன்றவற்றில் சுருக்கும்போது இந்தக் குறிப்பு நீங்கிவிடும். இருந்தாலும் கேமரா செட்டிங்கில் லொகேஷனை நிறுத்திவிடுவது நல்லது. ஏற்கெனவே எடுத்த படங்களில் இருக்கிறதா என்று கேலரியில் 'டீட்டெயில்ஸ்' திறந்து பாருங்கள். வேகம் வேண்டாம் என்றுகூட விட்டுவிடலாம், இதை விடாதீர்கள்.

வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் சண்டை போட வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: "சார், போட்டோ எல்லாம் சின்னதாக்கிக் கொடுக்கிறேன். லிஸ்ட் பக்கத்துக்குச் சின்னப் படம், தனிப் பக்கத்துக்குப் பெரிய படம்னு மாத்தித் தர முடியுமா? கீழே இருக்கிற படங்கள், ஆள் கீழே நகர்த்தினப்புறம் வந்தா போதும். முகப்பில் மாறி மாறி ஓடுற அஞ்சு பேனருக்குப் பதிலா ஒண்ணு மட்டும் வைங்க." எல்லாமே அவருக்கு அரை நாள் வேலை. பேனர் விஷயம் மட்டும் என் சொந்த வெறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பேனர் வரும்வரை உட்கார்ந்து ரசித்த மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துச் சோதியுங்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட்டால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். எந்தெந்தப் படம் எடை அதிகம் என்று பெயர் சொல்லியே காட்டும். அந்தப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை அவருக்கு அனுப்பினால், சர்வர் பேச்சு தானாக நின்றுவிடும்.

கணக்கை மறுபடி போடுவோம். 24 புடவை, சராசரியாக 70 கேபி. மொத்தம் 1.7 எம்பிக்கும் குறைவு. அதே 10 எம்பிபிஎஸ் நெட்டில் ஒன்றரை விநாடிகூட ஆகாது. மற்ற சமாச்சாரங்கள் சேர்ந்தாலும் மூன்று, நான்கு விநாடிக்குள் பக்கம் வந்துவிட வேண்டும். இதற்குப் பிறகும் சுற்றினால் எழுதுங்கள், அப்போது சர்வரைப் பார்ப்போம்.

கடையில் மொத்தம் 180 புடவைப் படங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்கார வேண்டாம். முதல் பக்கத்தில் இருக்கும் 24-ஐ இன்று மாற்றுங்கள். அடுத்து, அதிகம் விற்கும் ரகங்கள். பழைய ஸ்டாக் மெதுவாக வரட்டும். மாற்றிய பிறகும் உங்கள் மொபைலில் பழைய படமே தெரியலாம். பயப்படாதீர்கள், பிரவுசர் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதைக் காட்டுகிறது. குரோமில் 'இன்காக்னிட்டோ' என்று இன்னொரு ஜன்னல் திறந்து பாருங்கள். இல்லையென்றால், வெப்சைட்டை இதுவரை திறந்தே பார்த்திராத நாத்தனாரின் மொபைலில் திறந்து பாருங்கள்.